மார்பு இறகைப் பிடுங்கும் சாம்பல் கிளி

வணக்கம் டாக்டர். எங்கள் வீட்டில் ஐந்து வயது ஆப்பிரிக்கன் கிரே கிளி இருக்கிறது. பெயர் சிண்டு. குஞ்சாக வந்ததிலிருந்து என் மகள்தான் கையில் ஊட்டி வளர்த்தாள். ஜூன் மாதம் அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அந்தச் சமயத்தில் வீட்டுக்குப் பெயின்ட் அடித்ததால் ஹாலில் இருந்த கூண்டைப் பால்கனிக்கு மாற்றினோம். பழைய கூண்டு துருப்பிடித்திருந்தது. வெல்டிங் பட்டறையில் சொல்லி ஜிஐ கம்பியில் பெரிதாகப் புதுக் கூண்டு செய்தோம். ஆடி மாதத்திலிருந்து சிண்டு தன் மார்பு இறகைத் தானே பிடுங்குகிறது. இப்போது மார்பு முழுக்கத் தோல் தெரிகிறது, தொடையிலும் ஆரம்பித்துவிட்டது. தலை இறகு மட்டும் அப்படியே இருக்கிறது. சாப்பாடு சூரியகாந்தி விதை, வாழைப்பழம், கொஞ்சம் சாதம். பறந்துவிடக் கூடாதே என்று சிறகு நுனியை வெட்டியிருக்கிறோம். இரவு நாங்கள் படுக்கும்போது, பதினொரு மணி வாக்கில், கூண்டைத் துணியால் மூடுவோம். கிளி வாங்கிய கடையில் பேன் என்று சொல்லி ஸ்ப்ரே கொடுத்தார்கள். மாமியார் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் ஜோடி சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பிடுங்கும்போதெல்லாம் ஓடிப்போய் “வேண்டாம்டா கண்ணு” என்று தூக்கிக்கொள்கிறேன். மகளை நினைத்து ஏங்கித்தான் இப்படிச் செய்கிறதா? நான் என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகி, சேலம்

வணக்கம் அம்மா.

கேட்டதற்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் போனது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஏக்கம் என்று இப்போதே முடிவு செய்துவிடாதீர்கள். அப்படி முடிவு செய்தால் கொஞ்சுவதிலும் சமாதானப்படுத்துவதிலும் மாதங்கள் போய்விடும். உடம்புக்குள் ஏதாவது கோளாறு இருந்தால் அது அதற்குள் முற்றிவிடும். ஆடியிலிருந்து பிடுங்குகிறது என்கிறீர்கள். இந்த வாரமே சிண்டுவை மருத்துவரிடம் காட்டுங்கள். கீழே எழுதுவதெல்லாம் அதற்கு அடுத்தபடியாகச் செய்ய வேண்டியவை.

தலை இறகு அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மிக உதவியான குறிப்பு. கிளியின் அலகு தன் தலைக்கு எட்டாது. தலை நன்றாக இருந்து உடம்பு மட்டும் மொட்டையாகிறது என்றால், இறகு தானாக உதிரவில்லை, கிளியே எடுக்கிறது என்று பொருள். தலையிலும் இறகு போயிருந்தால் வைரஸ் நோய் ஒன்றை, அதாவது கிளிகளின் இறகையும் அலகையும் தாக்கும் சர்கோ வைரஸை, முதலில் சந்தேகித்திருப்பேன். இப்போது அந்தச் சந்தேகம் குறைகிறதே தவிர முழுதாக நீங்கவில்லை. பரிசோதனையில் அதையும் பார்த்துவிடுவது நல்லது.

கூண்டுக்கு அடியில் கிடக்கும் இறகுகளை இன்று பொறுக்கிப் பாருங்கள். அடித்தண்டோடு முழுசாக இருக்கின்றனவா, பாதியில் கடித்துத் துண்டாக்கப்பட்டவையா? வேரோடு பிடுங்கிய இடத்தில் சில வாரங்களில் புது இறகு முளைக்கத் தொடங்கும். கடித்து நறுக்கியதாக இருந்தால் மிச்சத் தண்டு தோலிலேயே நிற்கும், அடுத்த இறகு உதிர்ப்புக் காலம் வரை அங்கே புதிது வராது. இரண்டு வகையிலும் சிலவற்றை ஒரு காகித உறையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மகள் ஹாஸ்டல் போனதைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்படுகிறீர்கள். என்னை நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வேறொரு வரி. புதுக் கூண்டு ஜிஐ கம்பி. ஜிஐ என்றால் இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. கிளி காலால் மட்டும் ஏறுவதில்லை, அலகால் கம்பியைக் கவ்விக் கவ்வித்தான் ஏறும். சும்மா இருக்கும் நேரத்தில் கம்பியைக் கடித்துக்கொண்டும் இருக்கும். புதுக் கம்பியில், அதுவும் வெல்டிங் வைத்த இடங்களில், பூச்சு செதிலாகவும் பொடியாகவும் உதிரும். அது வயிற்றுக்குள் போய் அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் சேர்ந்தால் துத்தநாக நச்சு ஆகிவிடும். கிளி சோர்ந்துபோகும், தண்ணீர் அதிகமாகக் குடிக்கும், எச்சத்தின் நிறம் மாறும், சில கிளிகள் கக்கும். இறகு பிடுங்கும் கிளி வந்தால் நாங்கள் தேடிப் பார்க்கும் காரணங்களில் துத்தநாகமும் ஈயமும் உண்டு. சிண்டு புதுக் கூண்டுக்குப் போன சில வாரங்களில் இது தொடங்கியிருக்கிறது. அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு எக்ஸ்-ரேயும் ரத்தப் பரிசோதனையும் சொல்லிவிடக்கூடிய விஷயத்தை நாம் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அதுவரை சிண்டுவைப் பழைய கூண்டுக்கு மாற்றவும் வேண்டாம், அதில் துரு. வேறு நல்ல கூண்டு இரவல் கிடைத்தால் உத்தமம். கிடைக்காவிட்டால் ஜிஐ கம்பியை வினிகரும் பிரஷ்ஷும் கொண்டு அழுத்தித் தேய்த்து, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து உபயோகியுங்கள். உதிரும் பூச்சு இதில் குறையும், முழுதாகப் போகாது. நிரந்தரமாக என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூண்டுதான். விலை அதிகம், தெரியும். இந்தக் கிளி 40, 50 ஆண்டுகள் வாழக்கூடியது. அத்தனை காலத்துக்கும் அது கடிக்கப்போகும் கம்பி அது.

அடுத்தது சாப்பாடு. சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு, வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். வாழைப்பழமும் சாதமும் அந்தக் குறையை நிரப்பா. வைட்டமின் ஏ குறைந்தால் கிளியின் தோலும் மூக்கு, தொண்டை உள்சவ்வும் வறண்டு தடிக்கும், தோல் அரிக்கும். விதையையே தின்று வளரும் கிளிகளுக்கு ஈரலில் கொழுப்பு சேர்வது சாதாரணமாகப் பார்க்கிற நோய். இதோடு ஆப்பிரிக்கன் கிரேவுக்கென்றே ஒரு பலவீனம் உண்டு. மற்றக் கிளிகளைவிட இதற்கு ரத்தத்தில் கால்சியம் எளிதில் இறங்கிவிடும். கை நடுங்குவதுபோல உடம்பு நடுங்குவது, கம்பிலிருந்து தவறி விழுவது, வலிப்பு வருவது என்று அது போகும். சிண்டு எப்போதாவது காரணமில்லாமல் தடுமாறி விழுந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னும் என்னென்ன இருக்கலாம்? தோலிலும் இறகுக் குழியிலும் பாக்டீரியா, பூஞ்சைத் தொற்று. நுரையீரலிலும் காற்றுப்பையிலும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை. குடலில் ஒட்டுண்ணி. உள்ளே வலிக்கும் இடத்துக்கு நேர் மேலே உள்ள இறகையே சில கிளிகள் பிடுங்கும், அதனால் முதன்முதலில் எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று நினைவுபடுத்தி எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொன்ன பேன் இருக்கவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்குள் தனியாக வளரும் கிளியிடம் அது அரிது. எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்காமல் பூச்சிமருந்து அடிப்பது தவறு. ஏற்கெனவே எரியும் தோலில் அந்த ஸ்ப்ரேயை அடித்தால் அரிப்பு கூடும், கிளி அதை மூச்சிலும் இழுக்கும். அந்த டப்பாவை மூடி எடுத்து வைத்துவிடுங்கள்.

மாமியாரிடம் என் வணக்கத்தைச் சொல்லி, வேப்பெண்ணெய் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மனிதத் தோலுக்கு எண்ணெய் இதமாக இருக்கலாம். இறகில் எண்ணெய் பட்டால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், உடம்புச் சூட்டைக் காக்கும் தன்மை போய்விடும். ஒட்டியதைச் சரிசெய்ய கிளி இன்னும் அதிகமாகக் கோதும், பிடுங்கும், எண்ணெயையும் விழுங்கும். தேங்காயெண்ணெய், மஞ்சள் பற்று எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

மருத்துவர் விஷயத்துக்கு வருகிறேன். சேலத்திலிருந்து நாமக்கல் பக்கம்தான். கோழிப் பண்ணைகளின் ஊர் என்பதால் பறவை நோய் தெரிந்தவர்கள் அங்கே நிறைய. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் பண்ணைக் கோழி வைத்தியம் வேறு, வீட்டுக் கிளி வைத்தியம் வேறு. செல்லப் பறவைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். சென்னைக்குப் போகும் வாய்ப்பிருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. போகும்போது கிளியைச் சின்னக் கூண்டில், மூன்று பக்கம் துணியால் மூடிக் கொண்டு போங்கள். அன்று காலை எச்சம் விழுந்த காகிதத்தை அப்படியே எடுத்துப் போங்கள். புதுக் கூண்டு, பால்கனி, கூண்டு ஓரங்கள் எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோக்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாதபோது சிண்டு என்ன செய்கிறது என்று ஒரு மணி நேரம் போனை மறைத்து வைத்து வீடியோ எடுத்தால் எங்களுக்கு அது பொன்னுக்குச் சமம். தனியாக இருக்கும்போது மட்டும் பிடுங்குகிறதா, நீங்கள் இருக்கும்போது மட்டுமா, மாலை வேளையிலா என்பதற்குப் பதில் அதில்தான் இருக்கும்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் சிண்டுவை நிறுத்து எழுதுங்கள். ஆப்பிரிக்கன் கிரே பெரும்பாலும் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். இந்த எண்ணைவிட முக்கியம், சிண்டுவின் எடை வாரத்துக்கு வாரம் இறங்குகிறதா என்பது. கிளிகள் நோயை ஒளித்து வைக்கும். சோர்வு நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசு சொல்லிவிடும்.

இனி நீங்கள் கேட்ட ஏக்கத்தைப் பற்றி. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்கன் கிரே மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் கூட்டமாக வாழும் பறவை. இரவு தங்கும் மரத்தில் பெருங்கூட்டமாக அடையும். தனியாக இருப்பது அதன் இயல்பிலேயே கிடையாது. குஞ்சிலிருந்து கையில் ஊட்டிய உங்கள் மகள்தான் சிண்டுவுக்குக் கூட்டம். அவள் திடீரென்று இல்லாமல் போனது அதற்கு உறைக்கவே செய்யும்.

ஆனால் அந்த ஜூன் மாதத்தில் சிண்டுவுக்கு என்னவெல்லாம் மாறியது என்று எண்ணிப் பாருங்கள் அம்மா. தன் ஆளைக் காணோம். வீடு முழுக்கப் பெயின்ட் வாடை. பழகிய கூண்டு போய் வேறு கூண்டு. நாலு பேர் நடமாடும் ஹாலிலிருந்து யாருமில்லாத பால்கனி. மேலே பருந்தும் காகமும், எதிர்ச்சுவரில் பூனையும். கிளி எப்போதும் தன்னை எது பிடித்துத் தின்னுமோ என்ற எச்சரிக்கையோடு இருக்கும் பிராணி. ஹாலில் இருந்தவரை ஒரு பக்கம் சுவர் இருந்திருக்கும். பால்கனியில் நாலா பக்கமும் திறந்திருக்கிறது, ஒளியவும் இடமில்லை, சிறகை வெட்டிவிட்டதால் பறந்து தப்பவும் முடியாது. பகல் முழுக்க அது அந்தப் பயத்தோடு உட்கார்ந்திருக்கிறது. இரவு பதினொன்றுக்குத் துணி போட்டு, விடியற்காலையில் பால்கனி வெளிச்சத்தில் கண் விழித்தால் அது தூங்கும் நேரம் ஆறு மணி, ஏழு மணி. பூமத்திய ரேகைக் காட்டில் வருஷம் முழுக்க இரவு கிட்டத்தட்ட 12 மணி நேரம். அதற்கான உடம்பு அது.

மகளைத் திருப்பிக் கூட்டிவர முடியாது. மற்றவை உங்கள் கையில் இருக்கின்றன. பெயின்ட் வாடை முழுதாகப் போயிருந்தால் கூண்டை ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மூலையில், இரண்டு பக்கம் சுவர் இருக்கும்படி, உங்கள் கண் மட்டத்துக்கு வையுங்கள். சமையலறைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை சில நிமிஷங்களில் கிளியைக் கொன்றுவிடும். கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்தி, ரூம் ஸ்ப்ரே எல்லாம் கிளி இருக்கும் அறைக்கு வெளியே. வீட்டில் யாராவது புகைப்பவர் இருந்தால் கை கழுவாமல் கிளியைத் தொட வேண்டாம், விரலில் ஒட்டிய நிகோட்டின் அதன் காலிலும் இறகிலும் படியும். மாலை ஏழு, ஏழரைக்கு இருட்டான, சத்தமில்லாத அறைக்கு மாற்றிவிடுங்கள். தூங்குவதற்கென்று ஒரு சின்னக் கூண்டு தனியாக வைத்துக்கொண்டால் டிவியும் பார்க்கலாம், கிளியும் தூங்கும். காலை இளவெயில் அதற்கு வேண்டும், கால்சியம் உடம்பில் சேர அது உதவும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. அரை மணி நேரம் பால்கனியில், நீங்கள் கூடவே உட்கார்ந்து, கூண்டின் பாதியில் நிழல் இருக்கும்படி வையுங்கள்.

தினமும் காலையில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரை மெல்லிய சாரலாகத் தெளியுங்கள். சேலத்து வறண்ட காற்று மழைக்காட்டுப் பறவையின் தோலுக்கு ஒத்துவராது. முகத்தில் அடிக்காமல், மழை மாதிரி மேலிருந்து விழட்டும். மிரண்டால் விட்டுவிட்டு, ஒரு அகன்ற தட்டில் தண்ணீரும் அதில் ஈரமான கீரைக் கட்டும் வைத்துப் பாருங்கள். தானே இறங்கிப் புரளும்.

சிறகை இனி வெட்டாதீர்கள். வெட்டிய தண்டின் நுனி விலாவில் குத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தலை எடுக்கப் போய்த்தான் பல கிளிகள் முதல் இறகைப் பிடுங்குகின்றன. அந்தத் தண்டுகள் தானாக உதிர்ந்து புதிது வரட்டும். ஜன்னல், கதவு, மின்விசிறி மூன்றையும் கவனித்துக்கொண்டு அறைக்குள் பறக்க விடலாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று இருக்கிறது. சிண்டுவின் அலகுக்கு வேலை இல்லை. காட்டில் இந்தக் கிளி எண்ணெய்ப் பனையின் பழத்தையும் கடினமான கொட்டைகளையும் தேடிப் பறந்து, பறித்து, காலில் பிடித்து, ஓட்டை உடைத்து, தோலை உரித்துச் சாப்பிடும். நாளின் பெரும்பகுதி அதிலேயே போகும். உங்கள் வீட்டில் கிண்ணத்தில் விதை இருக்கிறது. அரை மணி நேரத்தில் வயிறு நிறைந்துவிடும். மீதி நேரம் முழுக்க, உரிக்கவும் பிரிக்கவும் பிறந்த அலகுக்கு எட்டுகிற ஒரே பொருள் அதன் சொந்த இறகு.

இது என் ஊகம் மட்டும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. உணவைக் குடைந்தும் பிரித்தும் எடுக்க வேண்டிய பொருட்களும், ஏறி விளையாடக் கிளைகளும் கொடுத்த கிளிகளின் இறகு நன்றாக இருந்தது. வெறும் கூண்டில் இருந்தவை பிடுங்கத் தொடங்கின. அவற்றுக்கும் பிறகு அதே வசதிகளைக் கொடுத்தபோது பிடுங்குவது குறைந்தது. 2021-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 50 இனங்களைச் சேர்ந்த சுமார் 1,400 வளர்ப்புக் கிளிகளின் விவரங்களை ஒப்பிட்டார்கள். காட்டில் எந்த இனம் தன் உணவை உடைக்கவும் உரிக்கவும் அதிகம் மெனக்கெடுகிறதோ, அந்த இனமே வீட்டில் அதிகமாக இறகைக் கெடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தது. தட்டில் சும்மா கிடைக்கும் உணவை விட்டுவிட்டு, உழைத்து எடுக்க வேண்டிய உணவைத் தேடிப் போகும் கிளிகளை நீங்களே சில வாரங்களில் பார்ப்பீர்கள்.

இதற்குக் கடையில் விலையுயர்ந்த பொம்மை வாங்க வேண்டியதில்லை. பாக்குமட்டைத் தட்டை மடித்து உள்ளே இரண்டு கொட்டை வைத்துச் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். மக்காச்சோளக் கதிரை உறையோடு கொடுங்கள், ஒவ்வொரு மடலாக உரிக்கட்டும். கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டு உள்ளே கேரட் துண்டைத் திணித்துத் தொங்கவிடுங்கள். பனையோலையைக் கிழித்துக் கற்றையாகக் கட்டினால் மார்பு இறகைப் பிடுங்குகிற அதே அசைவில் அந்த ஓலையை இழை இழையாகப் பிரிக்கும். கொய்யாக் கிளையைப் பட்டையோடு கட்டி வையுங்கள், பட்டை உரிக்கவே அரை நாள் ஆகும். அரளி, ஆமணக்கு, எருக்கு கிட்டவே வரக் கூடாது, எல்லாம் விஷம். வேர்க்கடலையைத் தோட்டோடு கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அந்தத் தோட்டில் பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம், ஆப்பிரிக்கன் கிரேவின் நுரையீரலுக்கு அது ஆபத்து.

ஒரு எச்சரிக்கை. இந்த இனத்துக்குப் புதுப் பொருள் என்றால் பயம். ஒரே நாளில் கூண்டை நிரப்பிவிட்டால் மிரண்டு இன்னும் பிடுங்கும். முதல் நாள் பனையோலைக் கற்றையை அறையின் மறுமூலையில் வைத்து, அதன் முன்னால் நீங்களே அதைப் பிரித்து விளையாடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவாருங்கள். உணவை ஒளிப்பதையும் முதலில் பாதி தெரியும்படி, எளிதாக வையுங்கள்.

சாப்பாட்டை மாற்றுவதிலும் அவசரம் கூடாது. விதையைச் சட்டென்று நிறுத்தினால் சில கிளிகள் பட்டினி கிடக்கும், புது உணவைத் தொடாது. கிளிகளுக்கென்று வரும் பெல்லட் என்ற குருணைத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, விதையைக் குறைத்து, சில வாரங்களில் மாற்றுங்கள். தராசு இதற்கும் துணை. முருங்கைக்கீரை, கேரட், சிவப்புப் பூசணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேகவைத்தது, பப்பாளி ஆகியவற்றில் வைட்டமின் ஏ-க்குத் தேவையானது இருக்கிறது. நீங்கள் முருங்கைக்கீரையைக் கொத்தாக நீட்டினால் ஒவ்வொரு இலையாகக் கிள்ளும், அதுவும் வேலைதான். அவகாடோ, சாக்லேட், காபி, உப்புப் போட்ட நொறுக்குத்தீனி கூடவே கூடாது. வைட்டமின் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி நீங்களாக ஊற்றாதீர்கள். ஏ-வும் டி-யும் அளவு மீறினால் அதுவும் நச்சுதான்.

சிண்டுவுக்கு வயது ஐந்து. இந்த இனம் பருவத்துக்கு வருவதும் ஏறக்குறைய இந்த வயதில்தான். அதனால் தூக்கிக் கொஞ்சும்போது முதுகையும் சிறகுக்கு அடியையும் வருடாதீர்கள். அதைக் கிளியின் உடம்பு இணை சேருவதற்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளும், அந்தத் தவிப்புக்கு வடிகால் இல்லாமல் இறகைப் பிடுங்குகிற கிளிகள் உண்டு. தலையையும் கழுத்தையும் மட்டும் கோதிவிடுங்கள். அட்டைப்பெட்டி, தலையணை இடுக்கு மாதிரி கூடுபோன்ற இருட்டு மூலைகளில் நுழைய விடாதீர்கள்.

பிடுங்கும்போது ஓடிப்போய்த் தூக்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்கச் சகிக்காமல்தான் செய்கிறீர்கள், புரிகிறது. சிண்டு மிகக் கூர்மையான பிராணி. இறகைப் பிடுங்கினால் அம்மா ஓடிவருவார் என்று அது கற்றுக்கொண்டிருக்கும். திட்டுவதும் அதற்குக் கவனிப்புதான். பிடுங்கும்போது முகம் காட்டாமல், அறையின் வேறு பக்கத்தில் ஏதாவது ஓசை எழுப்பி அதன் கவனத்தைத் திருப்புங்கள். பிடுங்காமல் ஓலையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, சும்மா சாந்தமாக உட்கார்ந்திருக்கும்போது, அப்போது போய்ப் பேசுங்கள், தூக்குங்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை ஒரே நேரத்தில் அதனோடு உட்காருங்கள். வேறு அறையில் இருக்கும்போது அது குரல் கொடுத்தால் பதில் குரல் கொடுங்கள். காட்டிலும் கூட்டத்தோடு அது அப்படித்தான் தொடர்பு வைத்திருக்கும். மகள் விடுமுறைக்கு வந்தால் நாள் முழுக்கக் கிளியை மடியில் வைத்துக்கொண்டு, பிறகு சட்டென்று போய்விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கழுத்தில் கூம்பு மாட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். தோலைக் கடித்து ரத்தம் வருகிறது என்றால் மட்டும், மருத்துவர் போட்டால் போட்டுக்கொள்ளலாம். மற்றபடி அது பிடுங்குவதைத் தடுக்குமே தவிரப் பிடுங்கத் தூண்டுவதை ஒன்றும் செய்யாது. கூம்பைக் கழற்றிய அன்றே மறுபடி தொடங்கிவிடும். மனநிலைக்கான மருந்துகளும் இருக்கின்றன. குளோமிப்ரமின், ஃப்ளூவாக்செட்டின் போன்றவற்றைச் சில கிளிகளுக்குக் கொடுக்கிறோம். உடம்பில் நோயில்லை என்று உறுதியாகி, இடமும் உணவும் வேலையும் மாற்றிப் பார்த்த பிறகும் நிற்காதபோதுதான் அந்தப் பேச்சு.

ஜோடி வாங்காதீர்கள். புதிதாக வரும் கிளி நோயோடு வரலாம். சர்கோ வைரஸ் பரிசோதனை, ஒரு மாதத்துக்கு மேல் தனி அறை என்று எல்லாம் செய்து சேர்த்தாலும், மனிதர்களோடு வளர்ந்த சிண்டுவுக்கு இன்னொரு கிளியைப் பிடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளலாம். புதிது சிண்டுவின் இறகைப் பிடுங்கவும் செய்யலாம். இப்போதைய நிலையில் சிண்டுவை வேறு வீட்டுக்குக் கொடுப்பதும் அதற்கு இன்னொரு பிரிவு.

மார்பு பழையபடி நிறையுமா என்பது எத்தனை முறை ஒரே குழியிலிருந்து பிடுங்கியது என்பதைப் பொறுத்தது. வருஷக்கணக்கில் பிடுங்கினால் இறகுக் குழி கெட்டுப்போய் அந்த இடம் மொட்டையாகவே நின்றுவிடும். சிண்டு தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன, நம்பிக்கையோடு இருக்கலாம். முளைத்து வரும் இறகு ஒரு மெல்லிய உறைக்குள் சுருண்டு, உள்ளே ரத்த ஓட்டத்தோடு, முள் மாதிரி நிற்கும். அந்தச் சமயத்தில் நமைச்சல் இருக்கும். பாதி வளர்ந்ததை மறுபடி பிடுங்கிப் போட்டுவிட்டதே என்று ஒரு நாள் நீங்கள் மனமுடைந்து உட்கார்வீர்கள். அதற்காக எதையும் நிறுத்திவிடாதீர்கள். முற்றிலும் நிற்காமல், வருஷத்துக்கு ஓரிரு முறை தலைகாட்டுகிற அளவில் அடங்கிப்போகும் கிளிகளும் நிறைய. நகம் கடிக்கும் பழக்கம் போனவர்கூட ஒரு கவலை வந்தால் கை வாய்க்குப் போவதைக் கவனிக்கலாம். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் மார்பைப் போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு முன்னேற்றம் தெரியாது.

சட்டம் சம்பந்தமாக ஒரு வார்த்தை. ஆப்பிரிக்கன் கிரே, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு, அதாவது மிகக் கடுமையான பட்டியலுக்கு, 2016-இல் மாற்றப்பட்ட இனம். இத்தகைய வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்திருக்கின்றன. செய்யாமல் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு முடித்துவிடுங்கள். இதே பிரச்சினையை எழுதும் வேறு சில வாசகர்கள் வைத்திருப்பது நம் ஊர்ப் பச்சைக்கிளி. அதை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவர்களும் வனத்துறையைத்தான் அணுக வேண்டும்.

கடைசியாக, எதற்குக் காத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். இறகோடு நிற்காமல் தோலையும் சதையையும் கடித்துப் புண்ணாக்கினால், இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தால், சாப்பிடாமல் இருந்தால், வலிப்பு வந்தால், மூச்சு வாங்கும்போது வால் மேலும் கீழும் ஆடினால், அன்றே, இரவானாலும், கொண்டு போங்கள். முளைக்கும் இறகு ஒடிந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியில் சோளமாவைத் தொட்டுச் சில நிமிஷம் லேசாக அழுத்திப் பிடியுங்கள், நிற்காவிட்டால் அதற்கும் மருத்துவர்தான். பரிசோதனை முடிவுகள் வந்ததும், துத்தநாகமும் கால்சியமும் எந்த அளவில் இருக்கின்றன என்பதையும் அந்த வீடியோவில் என்ன பார்த்தீர்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.